சி ஷிப்ட் முடிச்சுட்டு பகல்ல தூங்குறது எப்படி: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

கடலூர் சிப்காட், நெய்வேலி, அந்தப் பக்கம் பாண்டில சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்னு நைட் டூட்டி பாக்குற புதுப் பசங்களுக்காக இதை எழுதுறேன். ஆஸ்பத்திரி நர்ஸ், செக்யூரிட்டி, பெட்ரோல் பங்க்ல நிக்கிறவங்களுக்கும் இதுதான்.

புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யுற ஒரே தப்பு, கடைசி ஸ்டெப்ல இருந்து ஆரம்பிக்கிறது. தூக்கம் வரலயா, மெடிக்கல்ல ஒரு மாத்திரை, இல்லன்னா ஒரு குவாட்டர். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எட்டு ஒன்பது விஷயம் இருக்கு, அதையும் வரிசையா செஞ்சாதான் எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியும். எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தாதீங்க.

நேரம் எல்லாம் ஏ ஷிப்ட் 6 டு 2, பி ஷிப்ட் 2 டு 10, சி ஷிப்ட் நைட் 10 டு காலை 6னு வச்சு சொல்றேன். உங்க கம்பெனில வேறன்னா அதுக்கேத்த மாதிரி தள்ளிக்கோங்க.

1. முதல்ல ஒரு நோட்டு போடுங்க

ரெண்டு வாரம் எதையும் மாத்தாம எழுத மட்டும் செய்யுங்க. எத்தனை மணிக்கு படுத்தீங்க, தோராயமா எப்ப தூங்கிப்போனீங்க, எப்ப முழிச்சீங்க, நடுவுல எத்தனை தடவை எழுந்தீங்க, எது எழுப்புச்சு, கடைசி டீ எத்தனை மணிக்கு, அன்னிக்கு என்ன ஷிப்ட். ஏழு கட்டம் போட்ட ஒரு பழைய டைரி போதும்.

ஏன்னா இந்த விஷயத்துல நம்ம மனசை நம்ப முடியாது. 2003ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, ஆரோக்கியமானவங்களை தினம் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு 14 நாள் பாத்தாங்க. கவனத்தை சோதிக்கிற டெஸ்ட்ல அவங்க நாளுக்கு நாள் கீழ போய்க்கிட்டே இருந்தாங்க, கடைசில ரெண்டு நைட்டு வரைக்கும் சுத்தமா தூங்காதவங்க அளவுக்கு வந்துட்டாங்க. ஆனா "தூக்கம் வருதா"ன்னு கேட்டா கொஞ்சம் தான்னு சொன்னாங்க. அதனால "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும் ணா, பழகிடுச்சு"ன்னு சொல்ற தம்பிக்கு பழகினது அசதி தான், மூளை பழகல.

பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல குறைஞ்சது 7 மணி நேரம் தேவை. சி ஷிப்ட்காரங்களுக்கு இது ஒரே மூச்சா கிடைக்காது, பகல் தூக்கம் ராத்திரி தூக்கத்தை விட ரெண்டு மூணு மணி நேரம் குறையுறது சாதாரணம், அதனால ரெண்டு துண்டா சேத்து 7 வந்தாலும் கணக்குல எடுத்துக்கோங்க.

எல்லாரும் இதுல பண்ற தப்பு, படுத்து போன் பாத்த நேரத்தையும் தூக்கம்னு எழுதுறது. காலை 7 மணிக்கு படுத்து 8:30 வரைக்கும் ரீல்ஸ் பாத்தா தூக்கம் 8:30ல இருந்து தான். கைல கட்டுற வாட்ச் "டீப் ஸ்லீப் 42 நிமிஷம்"னு காட்டும், அதைப் பாத்து பயப்படாதீங்க, மொத்த நேரம் தோராயமா சரியா இருக்கும், அந்த டீப் ஸ்லீப் பிரிவெல்லாம் அவ்வளவு நம்பகம் இல்ல.

2. எங்க அடி விழுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

இதை ஏன் ரெண்டாவதா வைக்கிறேன்னா, உங்களுக்கு எது ஏற்கனவே ஆரம்பிச்சிருக்குன்னு நோட்டுல ஒரு ஓரமா எழுதணும். பின்னாடி டாக்டர்கிட்ட போனா உதவும்.

முதல் அடி வேலைல. காலை 3ல இருந்து 5 மணிக்குள்ள உடம்போட சூடு இருக்குறதிலயே கம்மியா இறங்கும், முழிப்பும் அப்படித்தான். அந்த நேரத்து லாக் ஷீட்டை, அதாவது மணிக்கு மணி மெஷின் ரீடிங் எழுதுற தாளை, எடுத்து பாருங்க. 3 மணி கட்டத்துல பிரஷர் 4.2, 4 மணிக்கு 4.2, 5 மணிக்கும் 4.2, பேனா அழுத்தம் கூட ஒரே மாதிரி இருக்கும். டூட்டில இருந்த ஆள் பிரஷர் காட்டுற கேஜ் முன்னாடி நின்னு தான் எழுதியிருப்பான், பொய் எழுதணும்னு எழுதல, கண்ணு கேஜ் மேல இருந்தும் மூளை மேல் வரிசை நம்பரைத் தான் காப்பி அடிச்சிருக்கு. கெமிக்கல் பிளாண்ட்ல இது எங்க கொண்டு போய் விடும்னு நான் சொல்ல வேண்டாம்.

ரெண்டாவது சர்க்கரை. 1999ல வந்த ஒரு ஆய்வுல நல்லா இருந்த இளைஞர்களை 6 நைட்டு வெறும் 4 மணி நேரம் படுக்க விட்டாங்க, அவங்க உடம்பு சர்க்கரையை கையாளுற வேகம் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு குறைஞ்சு போச்சு. அதோட பசியைத் தூண்டுற ஹார்மோன் ஏறுது, வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்ற ஹார்மோன் இறங்குது. நைட் ஷிப்ட்ல சேந்து ஒரு வருஷத்துல பேண்ட் இடுப்பு டைட் ஆகுறதுக்கு கேண்டீன் பரோட்டா மட்டும் காரணம் இல்ல.

மூணாவது, அடிக்கடி சளி புடிக்கிறது. 6 மணி நேரத்துக்கு கீழ தூங்குறவங்களுக்கு, சளி வைரஸை மூக்குல விட்டுப் பாத்தப்ப, 7 மணி நேரத்துக்கு மேல தூங்குறவங்களை விட 4 மடங்குக்கு மேல சளி புடிச்சுச்சுன்னு 2015ல ஒரு ஆய்வு. அப்புறம் பிபி, நெஞ்செரிச்சல், சிடுசிடுப்பு, வீட்டுல சண்டை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007லயும் மறுபடி 2019லயும் நைட் ஷிப்ட் வேலையை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது"ங்குற வரிசைல வச்சிருக்கு. இதைப் படிச்சுட்டு வேலையை விட்டுடாதீங்க, உறுதியா வரும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. வருஷக்கணக்குல ஓடுற விஷயம் இது, அதனால இப்பவே ஒழுங்கு பண்ணிக்கணும், அவ்வளவுதான்.

3. ரூமை ரெடி பண்ணுங்க, டூட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே

சி ஷிப்ட் வாரம் ஆரம்பிக்கிற அன்னிக்கு காலைல ஆணியும் சுத்தியும் தேடுனா நடக்காது. முந்தின ஆஃப் அன்னிக்கே முடிச்சுடுங்க.

வெளிச்சம் தான் முதல் எதிரி. கண்ணுல வெளிச்சம் பட்டா மூளை மெலடோனின்ங்குற தூக்க ஹார்மோனை நிறுத்திடும். ஜன்னலுக்கு கறுப்புத் துணி ரெண்டு மடிப்பா, சட்டத்தை விட நாலு பக்கமும் ஒரு சாண் அதிகமா வச்சு அடிங்க, ஏன்னா வெளிச்சம் நடுவுல வராது, ஓரத்துல தான் வரும். கதவுக்கு கீழ ஒரு பழைய லுங்கியை சுருட்டி வைங்க. ஜன்னலுக்கு மேல வெண்டிலேட்டர் இருக்கும் பாருங்க, அதை நிறைய பேர் மறந்துடுவாங்க, அங்க ஒரு அட்டை. முடிச்சுட்டு பகல் 11 மணிக்கு உள்ள நின்னு கையை நீட்டுங்க, விரலை எண்ண முடிஞ்சா இன்னும் ஓட்டை இருக்கு. இது எதுவும் முடியாத வாடகை ரூம்னா கண்கட்டு வாங்கிக்கோங்க, நூறு நூத்தம்பது ரூபாய்க்கு கிடைக்கும்.

சத்தத்துக்கு கம்பெனில குடுக்குற ஃபோம் இயர்பிளக்கே போதும், ஆனா பாதி பேர் அதை காது வாசல்ல சொருகி வச்சுட்டு "வேலை செய்யல"ன்னு சொல்றாங்க. விரல்ல நல்லா ஒல்லியா உருட்டி, இன்னொரு கையால காதை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் புடிக்கணும். பிளாண்ட்ல போட்ட அழுக்கு ஜோடியை வீட்டுல போடாதீங்க, காது சீழ் வைக்கும். சின்னக் குழந்தையோட தனியா இருக்குற நேரத்துல பிளக் வேண்டாம், டேபிள் ஃபேனை சுவர் பக்கம் திருப்பி ஓட விட்டா அந்த ஒரே சீரான சத்தம் மத்ததை அமுக்கிடும்.

சூடு, இது நம்ம ஊரோட தனிப் பிரச்சனை. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற ரூம்ல கத்திரி வெயில் சமயத்துல பகல் 12க்கு மேல தூங்கவே முடியாது, தளம் வெயிலை வாங்கி கீழ விட ஆரம்பிச்சுடும். கீழ் ரூம் இருந்தா அந்த சமயத்துல அங்க மாறிக்கோங்க, வீட்டுல கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க. கடலூர், பாண்டி கரையோரம் மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறும், அப்ப கிழக்கு ஜன்னலை துணி போட்டபடியே திறந்து வச்சா ரெண்டாவது துண்டு தூக்கத்துக்கு ரொம்ப உதவும்.

கரண்ட் விஷயமும் பாத்துக்கோங்க. மாதாந்திர பராமரிப்புன்னு காலை 9 மணில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவாங்க, எந்த ஏரியான்னு முந்தின நாளே பேப்பர்ல வந்துடும். சி ஷிப்ட் வாரத்துல அந்த நாள் விழுந்தா வேற ஏரியால இருக்குற அக்கா வீட்டுக்கோ ஃப்ரெண்டு ரூமுக்கோ போய் படுங்க.

4. வீட்டு ஆளுங்ககிட்ட பேசுங்க

ரூமை விட இது கஷ்டம். பகல்ல படுத்திருக்குறவனை சும்மா இருக்கான்னு தான் வீடு நினைக்கும். கேஸ் சிலிண்டர் வந்தா நீங்க தான் எழுந்திருக்கணும், பாப்பாவை ஸ்கூல்ல விடணும், பேங்க் போகணும்.

"என்னை எழுப்பாதீங்க"ன்னு பொதுவா சொன்னா யாருக்கும் ஏறாது. நேரத்தை சொல்லுங்க: "அம்மா, காலை எட்டுல இருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் நான் வீட்டுல இல்லைன்னு நினைச்சுக்கோ." நேரம் சொன்னா அவங்களும் அதுக்கேத்த மாதிரி மிக்ஸி, குக்கர் எல்லாம் முன்ன பின்ன மாத்திக்குவாங்க. காலிங் பெல் ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க, மீன்காரம்மா ஒன்பது மணிக்கு தெரு முனைல இருந்து குடுக்குற குரலுக்கு மட்டும் ஸ்விட்ச் கிடையாது, அதுக்கு இயர்பிளக் தான்.

போனை சைலண்ட்ல போட்டு, வீட்டுல ஒருத்தர், கம்பெனில ஒருத்தர், ரெண்டு நம்பர் மட்டும் அடிக்கிற மாதிரி செட் பண்ணுங்க. மொத்தமா ஆஃப் பண்ணா அவசரத்துக்கு கூப்பிடுவாங்களோன்னு பயத்துலயே தூக்கம் வராது.

5. முதல் நைட்டுக்கு முன்னாடி மத்தியானம் ஒரு தூக்கம்

எல்லாரும் விடுற ஸ்டெப் இதுதான். ஆஃப் முடிஞ்சு அன்னிக்கு காலை 6 மணிக்கு எழுந்து, பகல் பூரா சுத்திட்டு, சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கும் போயிட்டு, 10 மணிக்கு டூட்டி ஏறுனா, மறுநாள் காலை 6 மணிக்கு பஞ்ச் அடிக்கும் போது 24 மணி நேரம் முழிச்சிருக்கீங்க.

17 மணி நேரம் முழிச்சிருந்தாலே கை கண் ஒத்துழைப்பு ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குற ஆள் அளவுக்கு இறங்கும், 24 மணி நேரம்னா 0.10 அளவுக்கு போகும்னு 1997ல அளந்து காட்டியிருக்காங்க. நம்ம நாட்டுல வண்டி ஓட்டுறவங்களுக்கு சட்டம் அனுமதிக்கிறது 0.03 தான், அதாவது 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். போலீஸ் ஊதச் சொன்னா மெஷின்ல ஜீரோ காட்டும், ஆனா நீங்க வண்டி ஓட்டுற லட்சணம் குடிச்சவன் மாதிரி இருக்கும்.

அதனால அன்னிக்கு சாப்பிட்டுட்டு 2 மணிக்கு மேல ஒன்றரை மணி நேரம், முடிஞ்சா ரெண்டு மணி நேரம் படுங்க. ஒரு தூக்க சுற்று ஏறக்குறைய 90 நிமிஷம், அதை முழுசா முடிச்சு எழுந்தா மந்தம் கம்மியா இருக்கும். தூக்கம் வரலன்னாலும் இருட்டுல படுத்திருங்க. இதுக்கு வசதியா அன்னிக்கு காலைல எழுந்ததுல இருந்து மத்தியானம் வரைக்கும் டீ ஒண்ணோட நிறுத்திக்கோங்க.

6. டூட்டில இருக்கும் போது

முதல் பாதில நல்ல வெளிச்சத்துல இருங்க, கண்ட்ரோல் ரூம் லைட்டை டிம் பண்ண விடாதீங்க. காலை 4 மணிக்கு மேல, வேலை பாதிக்காதுன்னா, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், பேனல் ஆபரேட்டரா இருந்தா அதுவும் வேண்டாம்.

சாப்பாடு 10 மணிக்கு முன்னாடியே வீட்டுல முடிச்சுட்டு வாங்க. நடு ராத்திரில ஜீரண உறுப்புங்களும் அரைத் தூக்கத்துல தான் இருக்கும், 1 மணிக்கு பரோட்டா சால்னா அடிச்சா 3 மணிக்கு நெஞ்சைக் கரிக்கும், சர்க்கரையும் பகல்ல சாப்பிடுறதை விட அதிகமா ஏறும். பசிச்சா ரெண்டு இட்லி, அவிச்ச சுண்டல், முட்டை, மோர். தண்ணி நிறைய.

இப்ப டீ. காஃபின் பாதி உடம்பை விட்டுப் போறதுக்கே சுமாரா 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். படுக்குறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி எடுத்த காஃபின் கூட தூக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல வெட்டுச்சுன்னு 2013ல ஒரு ஆய்வு, அவங்க குடுத்தது பல டீக்கு சமமான அளவு, ஆனா நைட் டூட்டில நம்ம ஆளுங்களுக்கும் நாலஞ்சு டீ ஓடுது. எட்டு மணிக்கு படுக்கணும்னா கடைசி டீ 2 மணிக்கு. சின்னச் சின்னதா 10 மணில இருந்து 2 மணி வரைக்கும் பிரிச்சுக் குடிங்க, மூணு மணிக்கு கண்ணு சொருகுது, அப்ப தான் குடிப்பேன்னு வச்சிருந்தா அது உங்களை காலை எட்டு மணிக்கு கூரையைப் பாக்க வைக்கும்.

இதுல கெட்ட பழக்கம் கம்பெனி கேட்டுக்கு வெளிய 6 மணி டீ. எல்லாரும் நிப்பாங்க, ஷிப்ட்ல நடந்ததைப் பேசுவாங்க, அந்த அரை மணி நேரம் எனக்கும் பிடிக்கும். நில்லுங்க, பேசுங்க, கைல பால் மட்டும் வாங்கிக்கோங்க.

கம்பெனி அனுமதிச்சா, உங்க இடத்தைப் பாத்துக்க ரிலீவர் இருந்தா, 2ல இருந்து 4 மணிக்குள்ள 20 நிமிஷம் கண் அசருறது பெரிய லாபம். 20க்கு மேல போகாதீங்க, ஆழ்ந்த தூக்கத்துல இருந்து எழுப்புனா கால் மணி, அரை மணி நேரத்துக்கு எங்க இருக்கோம்னே தெரியாது, அந்த நிலைல வால்வ் பக்கம் போகக் கூடாது. அனுமதி இல்லன்னா திருட்டுத்தனமா தூங்காதீங்க, நடங்க, ரவுண்ட்ஸை அந்த நேரத்துக்கு வச்சுக்கோங்க, முக்கியமான ரீடிங்கை ரெண்டு பேரா பாத்து ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல இன்னொருத்தர் எழுதுங்க. மேல சொன்ன 4.2 கதைக்கு இது தான் மருந்து.

7. வீடு வந்து சேருறது

இந்த மொத்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணு தான் செய்வேன்னா இதைச் செய்யுங்க: சி ஷிப்ட் வாரத்துல பைக் வேண்டாம், கம்பெனி பஸ்ல வாங்க.

முழிச்ச கண்ணோட மூணு நாலு செகண்ட் மூளை அணைஞ்சு போறதுக்கு மைக்ரோ ஸ்லீப்னு பேர். 60 கிலோமீட்டர் வேகத்துல 3 செகண்ட்னா 50 மீட்டர். கடலூர்ல இருந்து பாண்டி போற ரோட்டுல காலை ஆறரைக்கு பஸ், ஸ்கூல் வேன், பால்காரர், குறுக்க வர்ற மாடு எல்லாமே உண்டு.

பைக்ல வந்தே ஆகணும்னா இந்த அறிகுறியை மனசுல வைங்க: கடைசி ஒரு கிலோமீட்டர்ல எதைத் தாண்டி வந்தோம்னு ஞாபகம் வரல, கண்ணை அடிக்கடி கசக்குறீங்க, வண்டி தானா ஓரம் போகுது. ஒண்ணு வந்தாலும் ஓரம் கட்டி, கடைத் திண்ணையோ பஸ் ஸ்டாப்போ, 20 நிமிஷம் கண்ணை மூடுங்க. மூஞ்சில தண்ணி அடிக்கிறது, பாட்டு போடுறது, சத்தமா பாடுறதெல்லாம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்காது.

கூலிங்கிளாஸ் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. காலை வெயில் கண்ணுல பட்டா மூளைக்கு "விடிஞ்சுடுச்சு"ன்னு சிக்னல் போயிடும், அதனால பஸ்ல வர்றவங்க கேட்டைத் தாண்டுனதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க, தொப்பியும் நல்லது. பைக் ஓட்டுறவங்க போட வேண்டாம், அந்த வெளிச்சம் தான் உங்களை முழிக்க வச்சிருக்கு. வீடு வந்து சேர்ற வரைக்கும் முழிப்பு முக்கியம், தூக்கம் அப்புறம்.

8. படுக்குறது

வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிங்க. குளியல், லேசா டிபன், படுக்கை. இந்த வரிசையை மாத்தாதீங்க, தினம் அதே வரிசைல பண்ணா உடம்பு அதையே தூங்குற நேரத்தோட அடையாளமா எடுத்துக்கும். குளிச்சதும் உடம்பு சூடு இறங்கும், தூக்கத்துக்கு அது தான் வேணும். வெறும் வயித்தோட படுத்தா 11 மணிக்கு பசி எழுப்பும், பூரி செட்டை முடிச்சுட்டு படுத்தா நெஞ்செரிச்சல் எழுப்பும், ரெண்டு மூணு இட்லி சரி.

சர்க்கரை, பிபிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க சி ஷிப்ட் வாரத்துல எந்த நேரத்துக்கு எடுக்கணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. காலைல சாப்பிட்டு தூங்கப் போற ஆளுக்கும் காலைல சாப்பிட்டு வேலைக்குப் போற ஆளுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாம போகலாம். நீங்களா மாத்தாதீங்க.

தூக்கத்தை ரெண்டு துண்டா பிரிங்க. 7:30ல இருந்து பன்னெண்டரை, இல்லன்னா 8ல இருந்து ஒரு மணி வரைக்கும் பெரிய துண்டு, சாயங்காலம் 6ல இருந்து 8 வரைக்கும் சின்னத் துண்டு. ஒரே மூச்சுல ஏழு மணி நேரம் தூங்கியே தீருவேன்னு பிடிவாதம் பிடிக்கிறவங்க மதியம் ஒரு மணிக்கு முழிப்பு வந்ததும் மூணு மணி வரைக்கும் புரண்டு புரண்டு கடுப்பாகி எழுந்திருக்காங்க. நடுவுல எழுந்து சாப்பிடுங்க, குழந்தையோட இருங்க, கடை வேலை பாருங்க.

படுத்து 20 நிமிஷம் ஆன மாதிரி இருந்தும் தூக்கம் வரலன்னா எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க, கண்ணு கனத்ததும் திரும்பி வாங்க. கடிகாரத்தைப் பாக்காதீங்க, சுவர் கடிகாரத்தை அந்த ரூம்ல இருந்தே எடுத்துடுங்க. போன் பக்கத்து ரூம்ல.

9. மாத்திரையும் குவாட்டரும்

பாண்டி பக்கத்துலயே இருக்கு, விலையும் கம்மி, அதனால இதைச் சொல்லாம விட முடியாது. குடிச்சா சீக்கிரம் தூங்கிடுவீங்க, அது உண்மை. போதை இறங்குற நேரத்துல, அதாவது மூணு நாலு மணி நேரம் கழிச்சு, தூக்கம் துண்டு துண்டா உடையும், கனவு வர்ற கட்டத் தூக்கத்தையும் அது அமுக்கிடும், குறட்டை உள்ளவங்களுக்கு மூச்சு அடைக்கிறது கூடும், சிறுநீருக்கும் எழுப்பும். கொஞ்ச நாள்ல ஒரு குவாட்டர் பத்தாம போகும். நோட்டுல குடிச்ச நாளையும் குடிக்காத நாளையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, நான் வாதாடத் தேவையே இருக்காது.

அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுற பழக்கம் நிறைய இருக்கு. அது தூக்கம் குடுக்காது, மந்தம் குடுக்கும், அந்த மந்தம் சாயங்காலம் வரைக்கும் ஓடும், சீக்கிரமே பழகிப் போய் வேலையும் செய்யாது. அல்பிரசோலம் வகை மாத்திரைங்க டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதது, விட முடியாத பழக்கம் ஆகும், குடியோட சேந்தா மூச்சே நின்னு போகலாம். மெலடோனின் மாத்திரை சிலருக்கு உதவுது, ஆனா எந்த நேரத்துல போடுறோம்ங்குறது அளவை விட முக்கியம், தப்பான நேரத்துல போட்டா உடம்பு கடிகாரம் எதிர்ப்பக்கம் திரும்பும், அதனால அதையும் கேட்டுட்டுப் போடுங்க.

10. ஷிப்ட் மாறுற நாள்

சி ஷிப்ட் முடிஞ்ச காலை முழுசா எட்டு மணி நேரம் தூங்கிட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. சுத்தமா தூங்காம இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கே விழுந்துடுவீங்க, நடு ராத்திரி முழிச்சுக்குவீங்க. நடுவுல புடிங்க: காலை 8ல இருந்து 11 வரைக்கும் தூங்கி, எழுந்ததும் வெயில்ல கொஞ்சம் நடந்துட்டு, ராத்திரி 9:30, 10க்கு படுங்க.

ரொட்டேஷன் ஏ, பி, சின்னு முன்னோக்கிப் போனா உடம்புக்கு சுலபம், ஏன்னா நம்ம உள்கடிகாரம் பெரும்பாலானவங்களுக்கு 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளம், தூக்கத்தைத் தள்ளிப் போடுறது முன்னாடி இழுக்குறதை விட எளிது. உங்க கம்பெனில சி, பி, ஏன்னு பின்னோக்கிப் போகுதுன்னா சேஃப்டி கமிட்டி மீட்டிங்ல கேளுங்க, செலவே இல்லாம மாத்தக்கூடிய விஷயம்.

ரிலீவர் வரலன்னு டபுள் டூட்டி விழுறது தனிக் கொடுமை. பி ஷிப்ட் பாத்துட்டு அப்படியே சி பாத்தா 16 மணி நேரம் டூட்டி, முழிச்சிருந்தது அதை விட அதிகம். ஓவர்டைம் காசு தேவைன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்தீங்கன்னா அன்னிக்கு வண்டியை கம்பெனிலயே விட்டுட்டு வாங்க, அடுத்த நாள் இன்னொரு டபுள் ஒத்துக்காதீங்க.

11. எப்ப டாக்டர்கிட்ட போகணும்

மேல உள்ளதை ஒரு மாசம் ஒழுங்கா செஞ்சும் நோட்டுல 6 மணி நேரம் தாண்டலன்னா போங்க. வாரத்துல குறைஞ்சது மூணு நாள் தூக்கம் வராம மூணு மாசம் ஓடுச்சுன்னா அது நாள்பட்ட தூக்கமின்மை, மாத்திரை இல்லாம பழக்கத்தை மாத்துற பேச்சு சிகிச்சையே இதுக்கு முதல்ல குடுக்குறது.

இதுக்கு மட்டும் ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம்: பெரிய குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுறது, எட்டு மணி நேரம் தூங்கியும் எழும் போது தலைவலி, கழுத்து சுற்றளவு பெருசு, பிபி மாத்திரைக்கு அடங்கல. தூக்கத்துல மூச்சு அடைக்கிற நோயா இருக்கலாம். உங்களுக்கே தெரியாது, பக்கத்துல படுக்குறவங்களைத் தான் கேக்கணும், முடிஞ்சா அவங்களை போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. ரூமுக்கு வெளிச்சம் மறைச்சு, டீயைக் குறைச்சு எல்லாம் பண்ணாலும் இது சரியாகாது, தூங்கும் போதே மூச்சை அளந்து பாக்குற ஸ்லீப் ஸ்டடி எடுத்துத் தான் பாக்கணும்.

கடலூர் ஜிஹெச்லயோ கோரிமேடு ஜிப்மர்லயோ, நெஞ்சகப் பிரிவு அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவுல காட்டலாம். டியூட்டி முடிஞ்ச காலைல நேரா போய் ஓபி க்யூல நிக்காதீங்க, பி ஷிப்ட் வாரத்துல ஒரு காலைல போங்க. நோட்டை எடுத்துட்டுப் போங்க, ஷிப்ட் அட்டவணை, சாப்பிடுற எல்லா மாத்திரையோட அட்டை, அந்த குறட்டை ரெக்கார்டிங். "தூக்கம் வரல"ன்னு மட்டும் சொன்னா ரெண்டு நிமிஷத்துல ஒரு மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க, அதனால உக்காந்ததும் முதல் வார்த்தையே "நான் ஷிப்ட்ல வேலை பாக்குறேன், இது என் ரெண்டு வாரக் கணக்கு"ன்னு நோட்டை முன்னாடி நீட்டுங்க.